இளம் வயதில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: ஆவணம், செலவு, காலம் குறித்த வழிகாட்டி

ஓடியாடி வாழ்ந்துகொண்டிருக்கும் ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடம் இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, உடன் கொடுக்கப்படும் கையேடுகள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அலுவலக விடுப்பு, கைக்குழந்தையைத் தூக்குவது, மலையேற்றம், காப்பீட்டு நிறுவனத்தின் சந்தேகம் போன்றவற்றுக்கு அவற்றில் விடை இருக்காது. முதுமைக்கு வெகு முன்பே இந்த அறுவையைச் செய்துகொண்டு, தகவல்களைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்தவன் என்ற முறையில், அடுத்து வருபவருக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். இதில் உள்ளவற்றை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாகக் கொள்ளுங்கள். அவர் தரும் அறிவுரைக்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதியவருக்குப் பொருத்தப்படும் செயற்கை மூட்டு பெரும்பாலும் அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இருக்கும். உங்களுக்கு அது முதல் மூட்டாக மட்டுமே அமையக்கூடும். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, எழுபது வயதுக்குப் பின் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கோ அந்த வாய்ப்பு 35 சதவீதம் வரை உயர்கிறது. இந்தக் கணக்கில் பழைய வகை மூட்டுகளும் அடங்கும் என்பதால் இன்றைய நிலை இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனாலும் கீழே வரும் ஒவ்வொரு முடிவையும், இரண்டாவது அறுவை என்றேனும் வரக்கூடும் என்ற நினைவோடு எடுப்பதே நல்லது.

1. நோய் எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சில நேரங்களில் முழங்காலில் மட்டுமே தெரியும். இடுப்பின் வெளிப்பக்கத்திலோ பிட்டத்திலோ மட்டும் வலித்தால், அது தசைநாரிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ வரலாம். ஐயம் இருந்தால், மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்திச் சில மணி நேரம் வலி அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. வலி அடங்கினால் மூட்டுதான் காரணம் என்பது ஓரளவு உறுதியாகும். அந்த ஊசியில் ஸ்டீராய்டும் கலக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு செலுத்தப்பட்டால் கிருமித்தொற்று அபாயம் கருதி மூட்டு மாற்று அறுவையைப் பொதுவாக மூன்று மாதம் தள்ளிவைப்பார்கள். இது தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு, குறித்த தேதியை இழந்தவர்கள் பலர்.

இளம் வயதில் இந்த அறுவைக்குக் கொண்டுவிடும் காரணங்கள் முதுமைத் தேய்மானத்திலிருந்து வேறுபட்டவை. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது சிதையும் ஏ.வி.என். என்ற நிலை, பிறவியிலேயே மூட்டுக்கிண்ணம் ஆழமின்றி அமைந்திருத்தல், முடக்குவாதமும் முதுகுத்தண்டை இறுக்கும் அழற்சி நோயும், பழைய எலும்பு முறிவு ஆகியவை முக்கியமானவை. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, மிகுதியான மது, தொடை எலும்புக் கழுத்து முறிவு, அரிவாள் அணு ரத்தசோகை ஆகியவை ஏ.வி.என். வரக் காரணமாகலாம். தொடக்க நிலையில் எக்ஸ்ரே இயல்பாகவே தெரியக்கூடும், எம்.ஆர்.ஐ. படம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த நோய் இரண்டு பக்கமும் வருவது சாதாரணம் என்பதால், வலிக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுப்பதாகச் சொன்னால் இரண்டு இடுப்பையும் எடுக்கும்படி கேளுங்கள்.

மூட்டைக் காப்பாற்றும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்பதை இந்தக் கட்டத்தில்தான் கேட்க வேண்டும். எலும்புத் தலை இன்னும் நசுங்கவில்லையானால், துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிறு அறுவை சிலருக்குப் பயன்படும். ஆழமற்ற கிண்ணம் உள்ளவர்களுக்குக் குருத்தெலும்பு நல்ல நிலையில் இருக்கும்வரை, கிண்ணத்தின் எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவை மாற்றுவழியாக அமையும். எலும்பு நசுங்கிவிட்டாலோ குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்துவிட்டாலோ இந்த வழிகள் மூடிவிடும். அதன் பிறகு பல மாதங்களையும் பணத்தையும் அவற்றில் செலவிடுவதில் பயனில்லை.

2. எப்போது செய்வது என்று முடிவு செய்யுங்கள்

"தாங்க முடிகிறவரை தள்ளிப்போடுங்கள்" என்ற அறிவுரை உங்கள் காதில் நிச்சயம் விழும். தாமதமாகப் பொருத்தினால் மறு அறுவையின் வாய்ப்பு குறையும் என்பதால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை யாரும் சொல்வதில்லை: தள்ளிப்போடும் ஆண்டுகளில் தொடைத் தசையும் பிட்டத் தசையும் மெலிகின்றன, மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகுகிறது, முதுகும் மறுபக்க முழங்காலும் சுமையை ஏற்கின்றன, வலிமாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ள பத்து நல்ல ஆண்டுகளை வலிக்குக் கொடுத்துவிட்டு, செயற்கை மூட்டின் ஆயுளைச் சேமிப்பது எல்லோருக்கும் ஏற்ற பேரம் ஆகாது என்பது என் கருத்து.

முடிவெடுக்க ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிகிறது, இரவில் வலியால் எத்தனை முறை விழிக்கிறீர்கள், காலுறையைத் தாமாக மாட்ட முடிகிறதா, வாரத்துக்கு எத்தனை வலிமாத்திரை என்பவற்றைத் தேதியோடு எழுதிவாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் என்ற 12 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. 0 முதல் 48 வரை மதிப்பெண் தரும் அதில் மதிப்பெண் குறையக் குறைய நிலைமை மோசம் என்று பொருள். மாதம் ஒருமுறை அதை நிரப்பி வைத்தால், உங்களுக்கே போக்கு புலப்படும். காப்பீட்டு விண்ணப்பத்துக்கும் அது பின்னர் சான்றாகும்.

3. அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டுக்கு எத்தனை இடுப்பு மூட்டுகள் மாற்றுகிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்வியால் புண்படமாட்டார். கனடாவின் ஒன்டாரியோவில் நடத்தப்பட்டு 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, ஆண்டுக்கு 35க்கும் குறைவாகச் செய்யும் மருத்துவர்களிடம் மூட்டு நழுவுவதும் விரைவில் மறு அறுவை தேவைப்படுவதும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அடுத்து, ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு எத்தனை செய்திருக்கிறார், மறு அறுவைகளையும் அவரே செய்கிறாரா என்று கேளுங்கள். பழுதான மூட்டைக் கழற்றி மாற்றிப் பழகியவர், முதல் முறை பொருத்தும்போதே எலும்பை வீணாக்காமல் இருப்பதில் கவனமாக இருப்பார் என்பதால், எனக்கு மறு அறுவை பற்றிய கேள்வியே முதன்மையானதாகப் பட்டது.

உடலின் எந்தப் பக்கமாக மூட்டை அணுகுகிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க வழியில் தொடக்க வாரங்களில் மூட்டு நழுவாமலிருக்கச் சில கட்டுப்பாடுகள் விதிக்கப்படும். முன்பக்க வழியில் முதல் சில வாரங்கள் எளிதாகலாம்; தொடையின் வெளிப்புறத்தில் தோல் மரத்துப்போவது அதில் சகஜம். பக்கவாட்டு வழியில் நழுவும் வாய்ப்பு குறைவு, ஆனால் சிலருக்கு நொண்டல் எஞ்சும். சில மாதங்கள் கழிந்தபின் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆகையால் விளம்பரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்து அதற்கேற்ற மருத்துவரைத் தேடாமல், மருத்துவரைத் தேர்ந்தெடுத்து அவருக்குக் கைவந்த வழியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. எந்த மூட்டு பொருத்தப்படும் என்பதை எழுத்தில் பெறுங்கள்

செயற்கை இடுப்பு மூட்டில் நான்கு பகுதிகள் உண்டு: இடுப்பெலும்பில் பதியும் கிண்ணம், கிண்ணத்தின் உள்ளுறை, பந்து, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. இளம் வயதினருக்குக் கிண்ணத்தையும் தண்டையும் பெரும்பாலும் சிமென்ட் இல்லாமலே பொருத்துகிறார்கள். சொரசொரப்பான டைட்டானியப் பரப்பில் உங்கள் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு உருவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் படியில் இது தேவைப்படும்.

தேய்மானத்தை முடிவு செய்வது பந்தும் உள்ளுறையும். செராமிக் பந்தும் குறுக்கிணைப்பு மிகுந்த பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் உள்ளுறையும் கொண்ட இணை இன்று இளையோருக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தொண்ணூறுகளின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த இந்த வகைப் பாலிஎத்திலீன், பழையதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. செராமிக்குக்குச் செராமிக் என்ற இணை அதைவிடவும் குறைவாகத் தேயும். ஆனால் சிலருக்குக் கிறீச்சொலி எழும், மிக அரிதாக உடையவும் கூடும். உடைந்தால் அதன் துகள்களை அகற்றி மறு அறுவை செய்வது கடினமான வேலை.

விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள் மேற்பூச்சு அறுவை பற்றி விசாரிப்பது இயல்பு. இதில் தொடை எலும்பின் தலையை வெட்டி எறியாமல், சீவி அதன்மேல் உலோகத் தொப்பி பொருத்துவார்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் செய்துகொண்டது இதைத்தான்; அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார். அவரைக் காட்டி முழு மூட்டு மாற்றத்தை உங்களுக்குப் பரிந்துரைக்கும் எவரும் இரண்டு வெவ்வேறு அறுவைகளைக் குழப்புகிறார். உலோகத்தோடு உலோகம் உரசும் இந்த வகை, பெரிய எலும்புத் தலை கொண்ட இளம் ஆண்களுக்கே பொருந்தும். சிறிய எலும்பு உள்ளவர்களுக்கும், பெரும்பாலான பெண்களுக்கும், சிறுநீரகக் கோளாறோ உலோக ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கும் உகந்ததன்று. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்தில் கலக்கும் என்பதால் தொடர் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். இவ்வகையைச் சேர்ந்த ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டு, மறு அறுவைகள் மிகுந்ததால் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே பொதுவான பொறி புதுமை. "சமீபத்திய மாடல்" என்ற சொல்லைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள், ஏனெனில் சமீபத்தியது என்பதற்குப் பத்தாண்டுப் பதிவு இல்லை என்றும் பொருள். சுவீடன் 1979லிருந்தும், ஆஸ்திரேலியா 1999லிருந்தும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003லிருந்தும் பொருத்தப்படும் மூட்டுகளைப் பதிவேட்டில் குறித்து ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. மருத்துவர் சொல்லும் கிண்ணத்தின் பெயரையும் தண்டின் பெயரையும் குறித்துக்கொண்டு அவற்றில் தேடுங்கள். ஓ.டி.இ.பி. என்ற மதிப்பீட்டுக் குழு 10ஏ, 13ஏ, 15ஏ என்று தரும் குறியில், எண் அந்த மூட்டுக்கு எத்தனை ஆண்டுத் தரவு உண்டு என்பதையும், எழுத்து அந்தச் சான்றின் வலுவையும் காட்டும். ரோபோ உதவியுடன் செய்வதற்குத் தனிக் கட்டணம் கேட்டால், பொருத்தும் துல்லியம் கூடும் என்பதற்குச் சான்று உண்டு, மூட்டின் ஆயுள் கூடும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

5. செலவையும் காப்பீட்டையும் தேதி குறிக்கும் முன் முடியுங்கள்

மருத்துவமனை வாய்மொழியாகச் சொல்லும் தொகை ஏறக்குறைய எப்போதும் முழுத் தொகை அன்று. எழுத்துப்பூர்வ மதிப்பீட்டில் அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், அறுவை அரங்கு, அறை, மூட்டுச் சாதனம், மருந்து, பரிசோதனை, மருத்துவமனையில் தரும் பிசியோதெரபி ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். மூட்டுச் சாதனத்தின் வரியில் எந்த உள்ளுறை, எந்தப் பந்து என்பது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான இணைக்கு மதிப்பீடு கொடுத்துவிட்டு, செராமிக்குக்கான வேறுபாட்டைப் பின்னர் கேட்பது நடக்கிறது. கூடுதல் இரவு தங்க நேர்ந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டால், ரத்தம் ஏற்றினால் என்ன கட்டணம் என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு வெளியே ஆகும் செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள். மூன்று மாதப் பிசியோதெரபி, ஊன்றுகோல், உயரமான கழிப்பறை இருக்கை, ரத்தக்கட்டித் தடுப்பு மருந்து, வண்டி ஓட்ட முடியாத வாரங்களுக்கான பயணச் செலவு, வீட்டு உதவி ஆகியவற்றோடு, சம்பளமில்லா விடுப்பானால் இழக்கும் வருமானத்தையும் சேர்க்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்குக் கடைசியில் சொன்னதே பெரிய தொகையாக இருக்கக்கூடும்.

காப்பீடு இருந்தால் கவனிக்க வேண்டியவை: குறிப்பிட்ட அறுவைகளுக்கான காத்திருப்புக் காலம், முன்பே இருந்த நோய் என்ற விலக்கு, செயற்கைச் சாதனத்துக்கெனத் தனி உச்சவரம்பு, அறை வாடகை உச்சவரம்பு, நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு. அறை வாடகை வரம்பு சாதாரணமாகத் தோன்றும். ஆனால் சில பாலிசிகளில் வரம்பை மீறிய அறையில் தங்கினால் அறைக் கட்டணத்தோடு நில்லாமல் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள்.

இளம் வயதினரின் முன் அனுமதி விண்ணப்பம் முதல் முறை திருப்பி அனுப்பப்படுவதற்கு முக்கியக் காரணம், "இந்த வயதில் ஏன்?" என்ற கேள்விக்கு விடை அதில் இல்லாததே. எனவே மருத்துவர் தரும் தேவைச் சான்றுக் கடிதத்தில் நோயின் பெயரும் நிலையும், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. கண்டறிந்தது, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பிசியோதெரபி செய்யப்பட்டது, எந்த மருந்தும் ஊசியும் பலனளிக்கவில்லை, எந்த அன்றாட வேலை இயலவில்லை என்பவை தேதிகளோடு இடம்பெறச் செய்யுங்கள். இரண்டாம் படியில் சொன்ன குறிப்பேடு இங்கே கைகொடுக்கும். முன் அனுமதிக் கடிதம் கையில் வந்தபின் விடுப்பைப் பதிவு செய்யுங்கள். அனுமதிக்குக் காலாவதித் தேதி உண்டா என்பதையும் பாருங்கள்.

6. கோப்பைத் தயார் செய்யுங்கள்

அடையாளச் சான்று, காப்பீட்டு அட்டை, முன் அனுமதிக் கடிதம், இடுப்பெலும்பு முழுவதும் தெரியும் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களும் அறிக்கையும், பழைய அறுவைக் குறிப்புகள், ஒவ்வாமைப் பட்டியல், உட்கொள்ளும் எல்லா மருந்துகளும் அளவோடு எழுதிய தாள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். படங்களின் அறிக்கை மட்டும் போதாது, படங்களே குறுந்தகட்டிலோ கோப்பாகவோ வேண்டும். அளவுக் குறியுடன் எடுத்த எக்ஸ்ரேயை வைத்தே மருத்துவர் மூட்டின் அளவை முன்கூட்டித் திட்டமிடுகிறார். சத்துமாத்திரை, மூலிகை மருந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் எடுத்துக்கொள்ளும் பொடிகள் ஆகியவற்றையும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள். இளையோர் அவற்றை மருந்தாகவே கருதுவதில்லை, ஆனால் சில ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை.

7. அறுவைக்கு முந்தைய ஆறு வாரங்கள்

பல் சிகிச்சை ஏதேனும் பாக்கி இருந்தால் இப்போதே முடியுங்கள், ஏனெனில் வாயிலுள்ள தொற்று ரத்தம் வழியே புதிய மூட்டை அடையக்கூடும். புகைப்பழக்கத்தைக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை மருத்துவர் கேட்கும் வரம்புக்குள் கொண்டுவராமல் தேதி உறுதியாகாது. ரத்தச்சோகை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தால் இரும்புச்சத்து கொடுத்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அறுவைக்கு முந்தைய வாரத்தில் கண்டுபிடித்தால் தேதி தள்ளிப்போகும்.

மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். மூட்டுவாதத்துக்காக உடலின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் உயிரியல் ஊசிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு, ஊசிச் சுழற்சியின் இறுதியில் அறுவை வருமாறு தேதியை அமைப்பது வழக்கம்; அதே நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ரத்தம் உறையாமைக்கான மருந்து, சில வகைச் சர்க்கரை மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ஆகியவற்றை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதுகுத்தண்டு இறுகும் நோய் உள்ளவர்களுக்கு இரண்டு தனிச் செய்திகள் உண்டு: தண்டுவட மயக்கம் கொடுப்பது கடினமாகலாம், மூட்டைச் சுற்றித் தேவையற்ற எலும்பு வளரும் வாய்ப்பு கூடுதல். மயக்கவியல் மருத்துவரை அறுவைக்கு முதல் நாள் சந்திப்பதற்குப் பதில் சில வாரங்கள் முன்பே சந்திக்க நேரம் கேளுங்கள்.

அறுவை செய்யும் இடத்தில் நீங்களே சவரம் செய்துகொள்ளக் கூடாது. சிறு கீறல்கூடத் தொற்றுக்கு வழிவிடும் என்பதோடு, அதைப் பார்த்து அறுவையைத் தள்ளிவைக்கவும் கூடும். பருக்கள், கால் விரலிடைப் பூஞ்சை, சிறுநீர் எரிச்சல் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தசைப் பயிற்சியை விடாதீர்கள். வலி அனுமதிக்கும் அளவில் பிட்டத் தசையையும் தொடைத் தசையையும் வலுப்படுத்துவதோடு, ஊன்றுகோலில் நடப்பதையும் படியேறுவதையும் இப்போதே பழகுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

8. வீட்டையும் விடுப்பையும் ஏற்பாடு செய்யுங்கள்

முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி அமரக்கூடிய கைப்பிடி நாற்காலி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, குளியலறையில் வழுக்காத விரிப்பு, குனியாமல் காலணி மாட்ட உதவும் நீளக் கைப்பிடி கொண்ட காலணிக் கொம்பு, கீழே விழுந்ததை எடுக்கும் இடுக்கி ஆகியவை அறுவைக்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கும்போது தேநீர்க் கோப்பையைக்கூட ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது அன்றுதான் உறைக்கும். மூடியுள்ள குவளையும் தோள்பையும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகள் இருந்தால், குனிந்து தூக்குவதற்கு வேறொருவர் முதல் ஆறு வாரமும் தேவை.

அமர்ந்து செய்யும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரமும், நின்றோ சுமந்தோ செய்யும் வேலைக்கு மூன்று மாதமும் விடுப்புக் கேளுங்கள். குறைவாகக் கேட்டுவிட்டு நீட்டிப்பதைவிட, கூடுதலாகக் கேட்டு முன்னதாகத் திரும்புவது எளிது. மருத்துவச் சான்றில் "ஓய்வு" என்று மட்டும் எழுதாமல், திரும்பிய பின் எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

9. மருத்துவமனையில்

அறுவை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நடக்கும். சிக்கலில்லாவிட்டால் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் வீடு திரும்பலாம். வலிமருந்தை வலி உச்சத்துக்குப் போகுமுன் கேட்டு வாங்குங்கள். இளையோர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதும், பின்னர் பிசியோதெரபிக்கு எழ முடியாமல் படுத்திருப்பதும் அடிக்கடி நிகழ்வது.

வெளியேறும் முன் நான்கு தாள்கள் உங்கள் கைக்கு வர வேண்டும்: டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, வரிவாரியான ரசீது, மூட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய ஸ்டிக்கர்களின் நகல். அந்த ஸ்டிக்கர்களில் நிறுவனத்தின் பெயர், பட்டியல் எண், தொகுதி எண், அளவு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். மருத்துவமனை தன் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு உங்களுக்குத் தர மறந்துவிடுவது உண்டு. கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.

10. முதல் ஆறு வாரம்

தையலையோ ஊக்குகளையோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். ரத்தக்கட்டித் தடுப்பு மருந்து சில வாரம் தொடரும், சில மருந்துகள் 35 நாள். நடக்கத் தொடங்கிவிட்டோமே என்று இடையில் நிறுத்தக் கூடாது. கால் கணுக்கால்வரை வீங்குவதும் கன்றிப்போவதும் இயல்பே. கெண்டைக்காலில் வலியோடு கூடிய வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

புண்ணிலிருந்து நீர் கசிவது ஒரு வாரத்தைத் தாண்டினால், அல்லது புதிதாகச் சிவந்து வலித்தால், அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். அருகிலுள்ள வேறொரு மருத்துவரிடம் ஆன்டிபயாட்டிக் வாங்கி உட்கொள்வது ஆபத்தான குறுக்குவழி. மூட்டு நீரைப் பரிசோதனைக்கு எடுக்கும் முன்பே அந்த மருந்தைத் தொடங்கினால், எந்தக் கிருமி என்று கண்டறிவதே கடினமாகிவிடும். தொடக்கத்தில் கழுவிச் சரிசெய்திருக்கக்கூடிய தொற்று, மூட்டையே கழற்றும் நிலைக்கு முற்றிவிடலாம்.

பின்பக்க வழி அறுவையானால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காதிருத்தல், கால்மேல் கால் போடாதிருத்தல், பாதத்தை உட்பக்கம் திருப்பாதிருத்தல் ஆகிய கட்டுப்பாடுகள் இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரையே இளையோருக்கு ஆபத்தான காலம். பழைய வலி போய்விட்டது, தசை விழித்துக்கொண்டது, எல்லாம் முடிந்தது என்ற துணிவு வருகிறது. எலும்போ தண்டை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. குதிப்பதும் ஓடுவதும் கனமான எடை தூக்குவதும் இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது.

அறுவை செய்த கால் நீண்டுவிட்டதுபோலத் தோன்றுவதும் பலருக்கு உண்டு. இறுகிய தசையும் சாய்ந்த இடுப்பும் பெரும்பாலும் அதற்குக் காரணம். சில மாதங்களில் அது அடங்கும். அதற்குள் மறுபக்கச் செருப்பில் உயரம் வைத்துவிட்டால் உடல் அந்தச் சாய்வுக்கே பழகிவிடும். மூன்று மாதம் கழித்தும் நீடித்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

11. வேலை, வண்டி, விளையாட்டு

வண்டி ஓட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தூக்கம் தரும் வலிமருந்தை நிறுத்தியிருக்க வேண்டும், அவசரமாகப் பிரேக் அழுத்த முடிய வேண்டும். மருத்துவரின் அனுமதி எழுத்தில் இருந்தால், விபத்து நேர்ந்தால் வண்டிக் காப்பீட்டில் தகராறு வராது. நீண்ட விமானப் பயணத்தை முதல் ஆறு வாரமாவது தவிர்த்து, அதன் பின்னும் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். தாம்பத்திய உறவு பற்றி மருத்துவரும் பேசமாட்டார், நோயாளியும் கேட்கமாட்டார். பொதுவாக ஆறு வாரத்துக்குப் பின், நழுவும் நிலைகளைத் தவிர்த்து, தொடரலாம். பெண்களுக்குச் செயற்கை மூட்டு இருப்பது மட்டுமே சுகப்பிரசவத்துக்குத் தடையாகாது.

நிலைமிதிவண்டியும், புண் முழுதும் ஆறியபின் நீச்சலும் ஆறு வாரத்தை ஒட்டித் தொடங்கலாம். நீண்ட நடை, மலைப்பாதை, இரட்டையர் டென்னிஸ், கோல்ஃப் ஆகியவை மூன்று முதல் ஆறு மாதத்தில் சாத்தியம். ஓட்டம் பற்றி மருத்துவர்களே உடன்படவில்லை. சிலர் அளவோடு அனுமதிக்கிறார்கள், சிலர் முற்றாக மறுக்கிறார்கள். மோதல் மிகுந்த விளையாட்டுகளைப் பெரும்பாலோர் மறுக்கிறார்கள். இடுப்பை எல்லைவரை வளைக்கும் யோகாசனங்கள், குந்தி அமர்தல், தரையில் சம்மணமிடுதல் ஆகியவை எந்த வழியில் அறுவை நடந்தது என்பதையும் கிண்ணம் எந்தக் கோணத்தில் அமைந்தது என்பதையும் பொறுத்தவை. "நான் விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும். உங்கள் விளையாட்டின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த அசைவு என்று சொல்லி, அறுவைக்கு முன்பே கேளுங்கள். முழுத் திறன் திரும்ப ஓராண்டு ஆகலாம்.

12. ஆண்டுகள் கடந்தபின்

2019இல் லான்செட்டில் வந்த ஆய்வு, ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளைக் கொண்டு, இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டு நிலைக்கின்றன என்று கணித்தது. உங்களுடையது அதற்கு முன்பே தேய்ந்தால் முதலில் வலிக்காது என்பதுதான் சிக்கல். துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படுவது நீண்ட காலம் ஓசையின்றி நடக்கும். அதனால் ஆறு வாரம், ஓராண்டு எனத் தொடங்கி, அதன்பின் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நன்றாக இருப்பவர்கள்தாம் இதை முதலில் விட்டுவிடுகிறார்கள். எழுந்து நடக்கத் தொடங்கும்போது தொடையில் வலி, புதிதாகத் தொடை இடுக்கு வலி, காரணமில்லாக் காய்ச்சலோடு மூட்டு வலி ஆகியவற்றுக்கு அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

விமான நிலையத்தில் உலோகம் காட்டும் கருவி ஒலிக்கும். செயற்கை மூட்டு இருப்பதைக் குறிக்கும் அட்டையைக் காட்டினாலும் சோதனையிலிருந்து விலக்குக் கிடையாது, கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், பொதுவாக எடுக்கலாம், ஆனால் எந்த உலோகம் என்று கேட்பார்கள்.

ஒன்பதாம் படியில் சொன்ன ஸ்டிக்கர்கள் மிகவும் தேவைப்படுவது மறு அறுவையின்போதுதான். கிண்ணமும் தண்டும் எலும்பில் உறுதியாக இருந்து உள்ளுறை மட்டும் தேய்ந்திருந்தால், உள்ளுறையையும் பந்தையும் மட்டும் மாற்றி முடித்துவிட முடியும். அதற்கு அதே நிறுவனத்தின் அதே வகைக்குப் பொருந்தும் உள்ளுறை வேண்டும். எண்கள் தெரியாவிட்டால், மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் பொய்த்தால், நன்றாகப் பிடித்திருக்கும் கிண்ணத்தையும் எலும்போடு பெயர்த்தெடுக்க நேரிடும். மருத்துவமனைகள் பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம், மருத்துவர் ஓய்வு பெற்றிருக்கலாம், நீங்களே வேறு நாட்டில் இருக்கலாம். அறுவைக் குறிப்பையும் ஸ்டிக்கர்களையும் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஒன்று, வீட்டில் தாளாக ஒன்று, குடும்பத்தில் ஒருவரிடம் ஒன்று என வைத்துவிடுங்கள். மை மங்கக்கூடிய தாளில் அச்சிட்டுத் தந்திருந்தால், வீடு திரும்பிய வாரத்திலேயே நகல் எடுத்துவிடுங்கள்.